நாலில் இரண்டு

எலியட் லேக்கில் ஏற்றம் இல்லாத தெரு
எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.
அங்கே என் நோயாளிகள் யாரும் இல்லை.

மாசி மூன்றாம் திகதி.
மிசிஸ் கொவல்சுக்கின் இன்சுலின் ஏழரைக்கு.
ஏழு இருபதுக்கு நான்
அவள் வீட்டு மேட்டின் பாதியில்.
நெம்பைத் தள்ளினேன்.
டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரிந்து
நாலு சில்லும் உன் பக்கம் என்றது.
பின்சில்லு இரண்டும் பனியைக் கடைந்து
சேறு எடுத்தன.
முன்சில்லு இரண்டும்
பந்திக்குப் பேர்சொல்லி அழைக்கவில்லை என்று
கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி
அசையாமல் நின்றன.

ஊசிப் பெட்டியைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு
நடந்தே ஏறினேன். ஏழு நாற்பத்தொன்று.
"ட்றக் வாங்கிவிட்டாய் என்றாயே" என்றாள்,
தன் வயிற்றுச் சதையைத் தானே கிள்ளிப் பிடித்தபடி.

சனிக்கிழமை, மைனஸ் பதினொன்று.
குடியிருப்பின் பின்புறம் மட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து
மல்லாந்தேன்.
நோயாளி சொல்வதைக் குறித்துக்கொள்,
பிறகு தொட்டுப் பார் என்றுதான் படித்தோம்.
விளக்கு சொன்னதைக் குறித்துக்கொண்டேன்.
பியூஸ் நல்லது. வயர் நல்லது.
ஜாக்கியில் முன்பக்கம் தூக்கி
வலது சில்லைக் கையால் உருட்டினேன்.
பூட்டு விழுந்திருந்தால்
இடது எதிர்ப்பக்கம் உருள வேண்டும்.
இடது, வானம் பார்த்தது.

ஆக, நடுப்பெட்டிக்குச் செய்தி போயிருக்கிறது,
முன்னச்சுக்குப் போகவில்லை.
வழியில் எங்கோ மூச்சு நிற்கிறது.
மூச்சு என்பதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை:
இந்தப் பழைய வகையில்
என்ஜின் உறிஞ்சும் உறிஞ்சுதான்
பென்சில் பருமன் றப்பர் குழாய் வழியே ஓடி
அச்சைப் பூட்டும் கம்பியை இழுக்கிறது.

பற்றறியைத் தூக்கி, அதன் தட்டைக் கழற்றி,
அமிலம் தின்ற துருவைச் சுரண்டி,
குழாயைக் கண்டுபிடித்தேன்.
அதன் வாயில் ஒரு மஞ்சள் கோல்ஃப் ஆணி.
மரம். இறுக்கிச் செருகி
மேலே கறுப்பு டேப் மூன்று சுற்று,
முனையைக் கத்தரியால் நேராக வெட்டி.
நல்ல கை. தெரிந்தே செய்த கை.

பிளைண்ட் ரிவரில் நாலாயிரத்து இருநூறு டொலரை
இரண்டு தரம் எண்ணிய றெஜான் லபுவாந்த்
நாலு சில்லும் ஓடும் என்று சொல்லவில்லை.
"விளக்கு எரிகிறது, பார்" என்றான்.
பார்த்தேனே.

என்னிடம் உள்ள கெட்ட வார்த்தைகள் மூன்றையும்
பனிக்குச் சொல்லி முடித்துவிட்டு
ஆணியைப் பிடுங்கி
ஆறு டொலர்ப் புதுக் குழாயைப் பொருத்தினேன்.
முடுக்கினேன். தள்ளினேன்.
அடியில் உள்தாழ் விழுந்த சத்தம்.

அடுத்த நிமிடம்
காலடிச் சூடு நின்றது.
அவ்வளவும் கண்ணாடிக்கு ஏறிப் போனது.

அட.
சூட்டுக் கதவும் இதே மூச்சில்தான் தொங்குகிறது.
அச்சருகில் சவ்வு கிழிந்து கசிய
இருக்கிற மூச்சை வண்டி பங்கு போடுகிறது,
முதலில் காலைக் கைவிடுகிறது.

றெஜானின் மாரிகாலம் அப்போது தெரிந்தது:
விடிய நாலு மணி, மீன்தூண்டில், தட்டையான ஏரிக்கரை ரோடு,
விரல் ஒவ்வொன்றாய் மரத்துப்போகும் சப்பாத்து.
இரண்டில் ஒன்று என்றபோது
கால்விரலை எடுத்துக்கொண்டான்.
நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.
விற்கும்போது சொல்லியிருப்பேன்,
என்று நினைக்கிறேன்.

புதுச் சவ்வு சட்பரியிலிருந்து வியாழன் வரும்.
அதுவரை மேட்டில் நாலு சில்லும் விறைத்த காலும்,
இறங்கியதும் இரண்டு சில்லும் சூடும்.
திங்கள் ஏழு இருபத்தாறுக்கு
மிசிஸ் கொவல்சுக்கின் கதவைத் தட்டினேன்.
இரட்டைக் காலுறை. கீழே ரொட்டிப் பை ஒன்று.
அவள் என் கால்களைப் பார்த்தாள்,
கேட்கவில்லை, வயிற்றைக் கிள்ளினாள்.

கோல்ஃப் ஆணியை எறியவில்லை.
சில்லறை போடும் குழிக்குள் கிடக்கிறது.
ஒவ்வொரு வளைவிலும்
இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம்
உருள்கிறது.